உங்கள் வீட்டில் என்ன விழுந்தது?

அத்தியாயம் 9

பெட்டிக்காரரின் மூன்று விரல்களைப் பலகை இறுக்கும் கிளாம்பில் மாட்டி, எலும்பு நொறுங்கும்வரை திருகியிருந்தார்கள். அதற்கப்புறம் மரச் சுத்தியலால் மண்டையில் இரண்டு போடு. முதல் அடியிலேயே ஆள் விழுந்துவிட்டார், இரண்டாவது வெறும் வெறிக்குப் போட்டது என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் சொன்னாள். நர்ஸ் என்னிடம் ஏன் சொன்னாள் என்று கேட்காதீர்கள். என்னிடம் எல்லாரும் சொல்வார்கள்.

இது நேற்று மதியம் மூன்று மணிக்கு. நான்கு மணிக்குள் போலீஸ் வந்து அவர் மனைவியின் தம்பியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. தெருவே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும். சட்டையெல்லாம் ரத்தம், கையில் கிளாம்ப். "திருகைக் கழட்டிவிடத்தான் எடுத்தேன்" என்று அவர் கதறியது எடுபடவில்லை. காரணம், முந்தின நாள் நடுத்தெருவில் நின்று, "உங்க கையை ஒடச்சாத்தான் அத்தான் நீங்க அடுத்தவன் பேச்சைக் கேப்பீங்க" என்று கத்தியவரும் அவரே. அதைப் போலீஸிடம் சொன்னது யார் என்ற ஆராய்ச்சியும் வேண்டாம்.

சண்டை என்ன பெரிய சண்டை? ஒரு பிளாஸ்டிக் குழாய் பெட்டிக்காரர் சொன்ன பதினான்கு அங்குலமா, மச்சான் சொன்ன பன்னிரண்டு அங்குலமா என்று. பெட்டிக்காரர் செய்வது கார் டிக்கியில் வைக்கிற, அடித்தொண்டையில் உறுமும் பாஸ் ஸ்பீக்கருக்கான பெட்டி. பார்த்தால் ஆறு பலகை, நடுவில் ஒரு ஓட்டை. அதற்கு மனிதர் பத்து நாள் எடுப்பார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய ஸ்பீக்கரில் உறுமலை மெல்ல மெல்ல ஏற்றுவார். எந்த உறுமலுக்குக் கூரை நடுங்குகிறதோ அதுதான் அந்தக் காரின் சுரம். அந்தச் சுரத்துக்குப் பெட்டிக்குள் எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்று வெளியே வரும் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்ப்பார். பெட்டிக்குள் தெர்மோகோல் மணிகளைக் கொட்டிக் கொள்ளளவு பார்ப்பார். குழாய் நீளம் மாறினால் சுரம் மாறும். அதற்குத்தான் மாமனும் மச்சானும் கட்டிப்புரளாத குறை.

மச்சானை உள்ளே தள்ளியது அந்தச் சண்டை மட்டுமல்ல, இடியின் சாட்சியும்தான். இடி என்பது பட்டப்பெயர். கறுப்புக் கார், உள்ளே ஆள் தெரியாத கறுப்பு ஜன்னல் கண்ணாடி, டிக்கியில் பெட்டிக்காரர் போன வருடம் செய்துகொடுத்த பெட்டி. கார்களை அலறவிட்டு அளக்கும் போட்டியில் கோப்பை வாங்கியவர். தினமும் மதியம் தெருமுனையில், கண்ணாடிக் கடைக்கு எதிரே காரை நிறுத்தி எங்கள் எல்லாருடைய வயிற்றையும் கலக்குவார். "மூணு மணிக்கு நான் காருக்குள்ள பாட்டுக் கேட்டுட்டிருந்தேன். மச்சான் பட்டறைக்குள்ள போனதைப் பார்த்தேன்" என்று அவர் போலீஸிடம் சொன்னார். "ஆமாம், மூணு மணிக்குக் கார் அதிர்ந்துட்டுதான் இருந்தது" என்று இன்னொரு சாட்சி உறுதிப்படுத்தியது. பட்டறைக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு பெண். சரி, நான்தான்.

இன்று மாலை நான்கு மணிக்கு மச்சானை மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோவார்கள். அதற்குள் அவரிடம் கையெழுத்து வாங்கும் வேலை ஸ்டேஷனில் லத்தியோடு நடந்துகொண்டிருந்தது.

"ஒருத்தர் ஆஸ்பத்திரியில, ஒருத்தன் ஸ்டேஷன்ல. நான் எங்கக்கா போய் நிக்கறது?" என்றாள் பெட்டிக்காரர் மனைவி. நின்றது டேப் மேடத்தின் வாசலில்.

டேப் மேடம் முன்பு இன்சூரன்ஸுக்காக நொறுங்கிய கார்களை அளந்தவர். இப்போது நொறுங்கிய மனிதர்களை அளக்கிறார். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். கூடவே முன்னாள் டாக்சி டிரைவர் ஒருவர். வாய் ஓயாது என்பதால் ஹாரன்.

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் பட்டறைக்குள் நுழைந்தார்கள். ஒன்பது ஐந்துக்கு நான் தேநீரோடு போனேன். மனிதாபிமானம்தான், வேறொன்றுமில்லை.

"மேடம், இது பட்டறையா, கசாப்புக் கடையா?" என்றார் ஹாரன். சுவரில் ஒட்டியிருந்த அளவுத் தாள்மேல் தெறித்த ரத்தம் காய்ந்திருந்தது.

வேலைமேசைமேல் பாதி முடிந்த புதுப் பெட்டி. மேல்பலகையில் சாக்பீஸில், 'தொடாதே. நாளை காலை பத்து மணி' என்று நேற்று மச்சான் எழுதியது. பசை காயும் நேரம் அது. பெட்டி யாருக்கென்றால், ஒரு பல் டாக்டருக்கு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இறங்கப்போகிறாராம். நாளெல்லாம் அடுத்தவர் அலறலைக் கேட்கும் மனிதருக்கு வேறென்ன ஆசை வரும்!

டேப் மேடம் பெட்டியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். "மரத்தூளைப் பாருங்க."

மேசை முழுக்கப் படிந்திருந்த மரத்தூள், அலை வாங்கிய கடற்கரை மணல்போல வரிவரியாக நின்றது. சொட்டியிருந்த ரத்தமும் அந்த வரிகளோடு வரியாக உறைந்திருந்தது.

"சீப்பு வெச்சு வாரினாங்களா?" என்றார் ஹாரன்.

"மேசை அதிர்ந்தா தூள் தானா வரிசை கட்டும். ரத்தம் ஈரமா இருக்கறப்ப இந்த மேசை அதிர்ந்திருக்கு."

"இடியோட கார் போட்ட போடு இங்கவரைக்கும் வந்திருக்கும்" என்றேன் நான். சாட்சி சொன்ன பொறுப்பு எனக்கு இருக்கிறதே.

டேப் மேடம் பெட்டியின் மூலையில் விரலை வைத்தார். மூட்டில் பசை குமிழ் குமிழாக நுரைத்து வெளியே பிதுங்கியிருந்தது. ஸ்பீக்கரை அவசரத்தில் மாட்டியிருந்தார்கள். எட்டுத் திருகு போகவேண்டிய இடத்தில் நாலுதான். ஒயர் மேசைக்கு அடியில் இருந்த, பாட்டு ஓடும் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பேட்டரிவரை போயிற்று.

"பசை காயறதுக்கு முன்னாடி யாரோ இதை ஓட்டியிருக்காங்க. கார் ஒண்ணும் அலறலை, மாடியக்கா. நீங்க கேட்டது இந்தப் பெட்டி."

"நான் என்ன செவிடா? சத்தம் தெருமுனையிலேர்ந்து வந்தது!"

"வந்த மாதிரி இருந்தது. தினமும் அங்கிருந்து வர்றதால. அடிபாஸுக்குத் திசை கிடையாது. எங்கேர்ந்து வருதுன்னு எந்தக் காதாலயும் சொல்லமுடியாது. கூட ஏதாவது சடசடத்தாத்தான் இடம் தெரியும்."

"இந்த ஷட்டர் சடசடக்குமே!" என்று ஹாரன் எக்கி ஷட்டரை உலுக்கினார். சத்தமே வரவில்லை. மாறாக, ஷட்டர் ஓடும் காடியிலிருந்து ஒரு கொத்து வெள்ளைப் பஞ்சு அவர் மூக்கின்மேல் விழுந்தது. பெட்டிக்குள் திணிக்கும் பஞ்சு. காடி நெடுக அடைத்திருந்தார்கள்.

"பார்த்தீங்களா? உள்ள பெட்டியை அலறவிட்டு, அந்தச் சத்தத்துல அவரோட அலறலை முக்கியிருக்கான். ஷட்டர் காட்டிக்குடுக்கும்னு தெரிஞ்சு வாயைக் கட்டியிருக்கான். தொழில் தெரிஞ்ச கை."

"மேடம்," என்றார் ஹாரன் மெதுவாக, "மச்சானும் தொழில் தெரிஞ்ச கைதானே?"

வாசலில் பெட்டிக்காரர் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ! முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. தம்பியைக் காப்பாற்ற வந்தவர்கள் முதல் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்த துப்பு, தம்பியின் கழுத்துக்கே சுருக்கு.

டேப் மேடம் அவள் தோளைத் தொட்டார். "சத்தம் கேட்டவங்ககிட்ட விசாரிச்சுத்தான் போலீஸ் கெட்டுது. நாம வேற மாதிரி கேப்போம்."

அவர் வீடுவீடாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நேத்து மூணு மணிக்கு உங்க வீட்ல என்ன விழுந்துச்சு?"

எங்கள் தெரு இப்படி ஒரு கேள்விக்காகவே பிறந்தது. பட்டறையை ஒட்டின தையல்காரருக்கு ஊசி டப்பா கவிழ்ந்து, இன்னமும் உட்காரப் பயந்துகொண்டிருந்தார். எனக்கு அலமாரியிலிருந்து மூன்று எவர்சில்வர் மூடிகள்; தெருமுனைக் கார் அதுவரை ஒன்றைக்கூடத் தள்ளியதில்லை. நாலாவது வீட்டில் மாமனார் படம் ஆணியோடு வந்துவிட்டது. மருமகன் முகத்தில் துக்கத்தைக் காணோம். எட்டாவது வீட்டில் எதுவும் விழவில்லை, தம்ளர்த் தண்ணீர் மட்டும் நடுங்கியது. பத்தாவது வீட்டில் அதுவும் இல்லை. பட்டறையை விட்டு விலக விலக ஆட்டம் குறைந்துகொண்டே போனது. ஹாரன் பின்னாலேயே டேப்பை இழுத்துக்கொண்டு மீட்டர் கணக்கை எழுதினார்.

"தெரு பூரா இத்தனை பாத்திரம் விழுந்திருக்கு," என்றார் அவர், "பெட்டிக்காரர் விழுந்தது மட்டும் ஒருத்தருக்கும் கேக்கலை." எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் தெருமுனைக் கண்ணாடிக் கடை. கார் நிற்கும் இடத்திலிருந்து ஒன்பது அடி. கடைக்காரர் கையுறையைக் கழற்றாமலே பேசினார்.

"விழறதா? இங்க ஏதாச்சும் விழுந்தா நான் கடையை மூடிட்டுப் போயிடுவேனே! நேத்து மூணு மணிக்கு ஆறடிக் கண்ணாடி அறுத்தேன். சலூனுக்கு."

"கார் அலறிட்டிருந்ததுன்னு சொன்னாங்களே?"

"அதான் அதிசயம்! சாதாரணமா அவன் சத்தம் வெச்சா வைரக்கத்தி கோட்டுல நிக்காது. தரை ஆடும். ரெண்டு தடவை செருப்பை எறிஞ்சிருக்கேன். நேத்து சத்தம் எங்கேயோ கேட்டுச்சு, ஆனா தரை ஆடவே இல்லை. கோடு தண்ணில விட்ட மாதிரி போச்சு. பயலுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"சத்தம் கேட்டுச்சான்னு கேட்டாங்க. கேட்டுச்சுன்னேன். வேற எதுவும் கேக்கலையே!"

கடைக்குப் பக்கத்திலேயே பின்சந்து தொடங்குகிறது. அது பட்டறையின் பின்கதவில் போய் முடிகிறது. டேப் மேடம் அந்தச் சந்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார்.

"மாடியக்கா, உங்களை நம்பிச் சொல்றேன். இது நமக்குள்ள இருக்கட்டும். மேசைமேல இருக்கற மரத்தூள்தான் ஒரே ஆதாரம். ஒரு மணிக்குப் படம் எடுக்க ஆள் வருது. அதுவரைக்கும் பட்டறையில நானும் ஹாரனும் மட்டும்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"எனக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்றேன்.

"தெரியும். இன்னொண்ணு. வீட்டுக்குப் போய் அந்த எவர்சில்வர் மூடியில ஒண்ணை அலமாரி விளிம்புல பாதி வெளிய தெரியறமாதிரி வைங்க. இனிமே காதை நம்பாதீங்க. மூடியைப் பாருங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரரிடம் மட்டும் சொன்னேன். அப்புறம் நாலாவது வீட்டில். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குக் கறுப்புக் கார் வந்து தெருமுனையில் நின்றது. பன்னிரண்டு பத்துக்குத் தும் தும் என்று ஆரம்பித்தது. வழக்கம்போல எரிச்சலோடு தெருமுனையைப் பார்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் டங்கென்று மூடி விழுந்து சுழன்றது.

பட்டறை ஷட்டர் தரையோடு மூடியிருந்தது. அது ஆடவே இல்லை.

அதற்குள் உள்ளே நடந்ததை ஹாரன் பின்னால் என்னிடம் ஏழு தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அடி கூடிக்கொண்டே போனது. நான் முதல் தடவை சொன்னதையே சொல்கிறேன். பின்கதவு வழியாக இடி வந்தான். (இனி மரியாதை எதற்கு?) கையில் ஜாக்கிக் கம்பி. வாயே திறக்காமல் ஹாரனின் தோளில் ஒன்று, வாயில் ஒன்று. இரண்டு பல் தெறித்துத் தூளில் விழுந்தது. டேப் மேடம் ஒரு பலகையை எடுத்து அவன் முதுகில் வீசினார், பலகைதான் உடைந்தது. திரும்பி அவர் வயிற்றில் உதைத்தான். அவர் பலகை அடுக்கில் போய் விழ, அடுக்கே அவர்மேல் சரிந்தது. மேசைத் தூளை ஒரே வீச்சில் கையால் துடைத்தெறிந்தான். பிறகு ஷட்டர் காடியிலிருந்து விழுந்திருந்த பஞ்சை மறுபடி திணித்து, பேட்டரியில் ஒயரை வைத்தான்.

சத்தம் வந்த பிறகுதான் பேசினானாம். ஹாரனின் இடது கையை இழுத்துக் கிளாம்பில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினானாம்.

"என் காரோட சுரம் அந்தாளுக்குத்தான் தெரியும். அந்தக் கையை வெச்சு அந்தப் பல்டாக்டருக்குப் பெட்டி செய்யறான். வேண்டாம்னு சொன்னேன். எந்தக் காரும் ஒரே கார் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் செய்வேன்கறான். அதான் அந்தக் கையை எடுத்தேன். கத்துனான். அதான் மண்டையையும்."

"கை போதும், மண்டை வேணாமே" என்றாராம் ஹாரன், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. அடுத்த திருகலில் அவர் சுண்டுவிரல் முறிந்தது.

அந்த நேரத்தில்தான் நான் மாடியில் நின்று, இத்தனை வருடம் கிசுகிசுத்த தொண்டையை முழுசாகத் திறந்தேன். "அவன் பட்டறைக்குள்ள இருக்கான்! கார்ல இல்ல! பட்டறையில!"

கண்ணாடிக் கடைக்காரர் கையுறையோடு பின்சந்தில் பாய்ந்தார். தையல்காரர் இஸ்திரிப்பெட்டியோடு வந்தார். நான் அடுப்பிலிருந்த குக்கரோடு. தையல்காரர் ஷட்டரைத் தூக்கியதும் அந்தத் தும் தும் நெஞ்சில் வந்து முட்டியது. இடி கம்பியை ஓங்கிக்கொண்டு திரும்பினான். தையல்காரரின் நெற்றியில் அடி விழுந்து கிழிந்தது. மறுபடி ஓங்கின கையின்மேல் நான் குக்கரை இறக்கினேன். பருப்பு வெந்துகொண்டிருந்த குக்கர். மணிக்கட்டு முறிந்த சத்தம் அத்தனை பாஸுக்கு மேலேயும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதற்குத் திசையெல்லாம் குழப்பமே இல்லை. பின்னாலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் அவன் கழுத்தைப் பிடித்து மேசைமேல் முகத்தை மோதினார். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. இரண்டாவது, அறுக்க முடியாமல் போன எல்லாக் கண்ணாடிகளுக்காகவும் என்று நினைக்கிறேன்.

பலகைகளுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்த டேப் மேடம் ஒயரைப் பிடுங்கினார். தெரு அமைதியானது. அப்புறம்தான் ஹாரன் எவ்வளவு சத்தமாக அலறிக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"ஆதாரத்தைத் தொடச்சுட்டானே!" என்றேன் மேசையைப் பார்த்து.

"படம் காலையிலயே எடுத்தாச்சு" என்றார் டேப் மேடம், வாயைத் துடைத்துக்கொண்டு. "நேத்து அவன் செஞ்சதை இன்னிக்கு உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் ஒருதடவை செய்யவெச்சோம். அதுதான் வேண்டியிருந்தது."

"அப்ப இது பொறியா? எனக்காவது சொல்லியிருக்கலாமே மேடம்!" என்றார் ஹாரன், பல் போன வாயோடு.

"சொன்னா நீங்க மாடியக்காகிட்ட சொல்லியிருப்பீங்க."

"அவங்ககிட்டதான் நீங்களே சொன்னீங்களே!"

"இந்தத் தெருவுல பெரிய ஸ்பீக்கர் எந்த வீட்ல இருக்குன்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குக்கர் கீழே கிடந்தது, மணியும் ஆகிக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பதுக்கு, இடியை ஒப்படைத்த ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என் பழைய வாக்குமூலத்தை நீட்டினார். "இடி காருக்குள்ள இருந்தார்னு நேத்து சொன்னது நீங்கதானே?"

"சத்தம் கேட்டேன். ஆளைப் பார்க்கலை. கேட்டதையே பார்த்ததா சொல்லிட்டேன். அடிச்சு எழுதுங்க."

இந்தத் தெருவில் குடிவந்து பதினேழு வருடத்தில் நான் சொன்னதை நானே வாபஸ் வாங்கியது அன்றுதான்.

மச்சானை விடுவித்துக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடிப் புடைத்திருந்தது. உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. பாதங்களைத் தரையில் ஊன்றமுடியவில்லை.

"கையெழுத்துப் போடலைக்கா" என்றார் முதலில். அக்காள் அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழ அவளிடம் சத்தம் மிச்சமில்லை.

நடந்ததையெல்லாம் ஹாரன் சொன்னார். மச்சான் அசையாமல் கேட்டார். பெட்டியை ஓட்டிய இடம் வந்ததும் அவருக்கு முதல்முறையாக வெறி வந்தது. "பசை காயறதுக்கு முன்னாடியா? எழுதி வெச்சிருந்தேனே! மூட்டெல்லாம் விட்டிருக்குமே!" பிறகு தாழ்ந்த குரலில், "பிரிச்சுத் திரும்ப ஒட்டணும். குழாய் பதினாலு அங்குலமே இருக்கட்டும். அத்தான் சொன்ன அளவு. அதுல ஒரு இழை குறைக்கமாட்டேன்" என்றார்.

"அவர் முழிக்கணுமே..." என்றாள் அக்காள்.

ஐந்தரை மணிக்கு நர்ஸ் போன் பண்ணினாள். வழக்கம்போல முதலில் எனக்குத்தான். பெட்டிக்காரர் கண் திறந்துவிட்டார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், அழவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார், மருந்து மயக்கத்தில் என்ன உளறுகிறார் என்று புரியவில்லை, மச்சானிடம் சொல்லச் சொன்னார் என்றாள்.

"என்ன வார்த்தை?"

"பன்னெண்டு."

கீழே இறங்கினேன். தையல்காரர் நெற்றிக் கட்டோடு, "என்ன சேதி மாடியக்கா?" என்றார். நாலாவது வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். நான் ஒருவருக்கும் வாயைத் திறக்காமல் தெருவைக் கடந்து, அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.